ஒன்பது மணிக்குத் திறக்கும் சபை

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். நர்சுகளின் கோட்டுக்குக் கஞ்சி போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது ஒரு காரணம். தலையில் இடியே விழுந்தாலும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பாக நிற்பாள் என்பது இன்னொரு காரணம். சபையில் மட்டும் அவள் பாஸ்டரம்மா. அந்தப் பெயர் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லாக்காசாகிப் போனது.

அவள் கணவர் நூற்றெண்பது பேர் கூடும் சபைக்குப் போதகர். நல்ல பேச்சுக்காரர். கல்லையும் கரைப்பார், அடுத்த நொடியே சிரிக்கவும் வைப்பார். அவர் ஜெபித்ததில் ஒருவருக்குத் தலைவலி போனது, இன்னொருவருக்கு முதுகுவலி விட்டது. அதிலிருந்து ஜனங்கள் அவர் கையையே பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவரும் தன் கையையே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சபையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். வெகுகாலச் சர்க்கரை வியாதி, தினமும் இன்சுலின் ஊசி. ஒரு ஞாயிறு போதகர் அவர் தலையில் கை வைத்து, "சுகமாயிட்டீங்க. இனிமே அந்த ஊசியத் தொடவே தொடாதீங்க" என்று மைக்கில் சொன்னார். சபையே கை தட்டியது. டிரைவர் அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு போதகர் பீடத்தில் நின்று சொன்னதுதான் அதைவிடக் கொடுமை. "என்ன செய்ய, அவருக்கு விசுவாசம் பத்தல" என்றார்.

டிரைவரின் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைத்தெருவில் துணி தைக்கிறவர். எல்லோருக்கும் தையல்காரம்மா. அவர் மெல்ல எழுந்தார்.

"பாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. ஊசிய விடச் சொன்னது ஆண்டவரா, நீங்களா?"

போதகர் வேதப் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். மறுநாள் காலை வீட்டு மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'என்னைத் தேடாதே' என்று இரண்டே சொல்.

கஞ்சியக்கா அழவில்லை. அழக்கூட யோக்கியதை இல்லை என்று நினைத்தாள். சர்க்கரை வார்டின் படுக்கை விரிப்புகள் அவள் கையில்தான் வெளுக்கின்றன. ஊசியை விட்டவர்கள் எந்த நிலையில் அங்கே வந்து சேருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. போதகர் ஊசியை விடச் சொன்ன அன்று அவள் முன்பெஞ்சில்தான் இருந்தாள். எழுந்து 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சபை நடுவே புருஷனை எப்படி மறுத்துப் பேசுவது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தையல்காரம்மாவின் வாசலில் போய் நின்றாள். கதவு திறந்தது. ஆளைப் பார்த்ததும் முகத்தில் அடித்த மாதிரி மூடிக்கொண்டது. மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, ஊசிய விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு சபை கரைந்த வேகம் சொல்லி மாளாது. நூற்றெண்பது நாற்பதானது. நாற்பது பன்னிரண்டானது. போனவர்கள் வேறு சபைக்குப் போயிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். பாதிப்பேர் நம்பிக்கையையே தலைமுழுகிவிட்டார்கள். இருபது வருடம் பாடல் நடத்தியவர், "நாம இத்தன வருஷமா கூரையப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சேர்ந்து ஜெபித்த குடும்பங்கள் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போயின. ஊரில் ஆண்டவர் பெயரை எடுத்தாலே ஒரு கோணல் சிரிப்பு.

அவள் வீட்டிலும் அதே கதைதான். கல்லூரியில் படிக்கும் மகள் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாள்.

"இனிமே என்ன ஜெபத்துக்குக் கூப்பிடாதம்மா. அப்பா ஜெபிச்ச ஆண்டவர்கிட்டதான நீயும் ஜெபிக்கற? எனக்கு வேண்டாம்."

கஞ்சியக்கா மல்லுக்கு நிற்கவில்லை. அவளுக்கே ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் முழங்கால் வலி மட்டுமே தெரிந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவளுக்குக் குழப்பமில்லை. பொய் சொன்னது என் வீட்டுக்காரர். கல்லறையைத் திறந்துகொண்டு எழுந்தவர் பொய் சொல்லவில்லை. இவர் செய்ததற்கு அவர் வீட்டுக் கதவை ஏன் பூட்ட வேண்டும்?

ஆகவே ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சபையைத் திறந்தாள். கூட்டிப் பெருக்கினாள். மின்விசிறியைப் போட்டாள். பன்னிரண்டு பேர் ஐந்தானார்கள். மழைக்காலம் வந்தபோது அவள் மட்டும் மிஞ்சினாள். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தாள், ஒரு பாட்டுப் பாடினாள். குரல் சுமார்தான். சுவர்கள் குறை சொல்லவில்லை.

சலவைப் பிரிவில் பாய்லர்காரர் ஒருவர் உண்டு. நீராவிக்குப் பொறுப்பு அவர்தான். வாயும் நீராவி மாதிரி, அடங்காது. ஒரு நாள் ஈர விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் இருவருமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆளில்லாத கடையில யாருக்குப் பாடறீங்க?"

"ஒருத்தர் இருக்காரு."

"அந்த ஒருத்தர் டிரைவரக் காப்பாத்தலயே?"

கஞ்சியக்காவின் கை நின்றது. விரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, பாய்லர்காரர் பாய்ந்து பிடித்தார்.

"ஏன் காப்பாத்தலன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "தெரிஞ்ச மாதிரி பேசித்தான் எங்க வீட்டுல ஒருத்தர் இந்த கதிக்கு வந்தாரு. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த ஆண்டவரோட பையனயே வெள்ளிக்கிழம கொன்னு போட்டாங்க. கூட இருந்தவனெல்லாம் ஓடிப்போயிட்டான். அத்தோட முடிஞ்சிருந்தா நானும் பூட்டிட்டு வீட்டுல தூங்குவேன். அத்தோட முடியல. அதான் போறேன்."

"விரிப்ப நேராப் புடிங்க" என்றார் பாய்லர்காரர்.

சபையின் நிர்வாகக் குழுவில் பெயரளவுக்கு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வருடத்தோடு கட்டடத்தை மூடிவிடலாம், சாவியை ஒப்படைக்கவும். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிறும் ஒன்பது மணிக்குத் திறந்தாள்.

அன்று பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவள் குரல் கம்மிவிட்டது. கடிதம் உள்ளுக்குள் ஏதோ செய்திருக்க வேண்டும். நின்றுபோன இடத்திலிருந்து அடுத்த அடியைப் பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்தது. திரும்பிப் பார்த்தாள். கடைசிப் பெஞ்சில் தையல்காரம்மா. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை முடிக்கும்வரை விடாமல் பாடினார்.

பிறகு தையல்காரம்மா எழுந்து வந்தார்.

"அவரு போனதுலருந்து எனக்குப் பாட எடமே இல்ல" என்றார். "வேற எங்கயும் போகப் புடிக்கல. அன்னிக்கு நீங்க கதவுக்கு வெளிய நின்னு சொன்னீங்களே, அது ஒரு வருஷமா காதுலயே இருக்கு. வந்தவங்க எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. தப்ப ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்."

"அக்கா..."

"இருங்க, முடிச்சுக்கறேன். எனக்கு ஒண்ணு வேணும். இதே எடத்துல நின்னு, என் வீட்டுக்காரருக்கு விசுவாசம் பத்தலன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. இதே எடத்துல நின்னு அது பொய்யின்னு அவரே சொல்லணும். செத்த மனுஷன் மேல அந்தப் பழி இன்னும் கெடக்கு. அத எடுக்காம நான் எப்படிம்மா நிம்மதியாப் பாடறது?"

அந்த வாரமே கஞ்சியக்கா லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். கணவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய தம்பிக்குத் தெரிந்திருந்தது. ஆறு மணி நேரம் பஸ். ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. வரிசை வரிசையாக இரும்பு அடுக்குகள், கூரை வரை அட்டைப்பெட்டிகள். ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் தாடியும் எலும்புமாக ஒருவர் வந்தார். அவள் பக்கத்தில் நின்றிருந்த காவலாளி, "அந்தப் பெரியவரா? வாயே திறக்க மாட்டாருங்க. ஊமைன்னு நெனச்சோம்" என்றார். கல்லைக் கரைத்த பேச்சுக்காரர்.

அவளைக் கண்டதும் வண்டி நின்றது. இருவரும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா கேட்டதை அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"முடியாது" என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? ஒரு வருஷமா ஒரு வார்த்த ஜெபம் வரல. ஆண்டவர் என்னக் கைவிட்டுட்டார்."

"எனக்கும் வரலங்க. அதுக்காக அவர் போயிட்டாருன்னு அர்த்தமா? நாம பண்ணின காரியத்துக்கு நம்ம வாய் அடச்சுப் போச்சு. அவ்வளவுதான்."

"என்னக் கல்லால அடிப்பாங்க."

"அடிக்கலாம். மன்னிப்பு கெடைக்கும்னு ஆச காட்டி நான் கூப்பிடல. உண்மையச் சொல்லக் கூப்பிடறேன்."

அவர் மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் எழுந்தாள்.

"நீங்க வந்தாலும் வராட்டியும் வர்ற ஞாயிறு ஒன்பது மணிக்குச் சபை தெறந்திருக்கும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். என் பங்கும் இருக்கு."

ஊர் திரும்பியதும் மூன்று வெள்ளைத் தாள்களில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இந்தச் சபையில் சொல்லப்பட்ட ஒரு பொய் இந்த ஞாயிறு திருத்தப்படும். எல்லோரும் வரலாம்.' ஒன்றைச் சபை வாசலில் ஒட்டினாள். ஒன்றைப் பஸ் டிப்போவில். இன்னொன்றை ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில்.

"என்னக்கா, போஸ்டரெல்லாம் பலமா இருக்கு? கட்சி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் பாய்லர்காரர்.

"ஆரம்பிச்சு ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. நீங்கதான் இன்னும் சேரல."

சனிக்கிழமை சாயங்காலம், வெயில் தாழும் நேரம், அழைப்பு மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள். தாடியை மழித்துக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு அவள் அப்பா நின்றார். மகள் 'வாங்க' என்று சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை. அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்:

"நாளைக்கு நெசமாவே சொல்லப் போறீங்களா? சுத்தி வளைக்காம?"

"சொல்றேம்மா."

"அப்ப நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கஞ்சியக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அவளிடமிருந்து ஜெபம் வந்தது. வார்த்தையாக அல்ல, அழுகையாக.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் கதவைத் திறக்கப் போனபோது வாசலில் கூட்டம் நின்றது. ஒன்பதரைக்கு உள்ளே இடமில்லை. விட்டுப்போனவர்கள் வந்திருந்தார்கள். டிப்போவிலிருந்து டிரைவரின் சகாக்கள் காக்கிச் சட்டையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். பாய்லர்காரர் வாசற்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார்.

முதலில் கஞ்சியக்கா எழுந்தாள். தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெஞ்சில் தொப்பென்று சரிந்தாள். விறைப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

பிறகு அவள் கணவர் நடந்துவந்தார். பீடத்தில் ஏறவில்லை. கீழே, தையல்காரம்மாவுக்கு எதிரில் நின்றார். மைக்கை யாரோ நீட்ட, வேண்டாம் என்று கையசைத்தார்.

"அன்னிக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. பதில் சொல்லாம ஓடிட்டேன். இப்ப சொல்றேன். ஊசிய விடச் சொன்னது ஆண்டவர் இல்ல. நான். எனக்கு ஒரு அற்புதம் தேவப்பட்டுச்சு, என் பேருக்காக. அவரு செத்ததும் என்னக் காப்பாத்திக்க அவரு விசுவாசத்தக் கொற சொன்னேன். அது பொய். இந்தச் சபையில என்னவிட விசுவாசமுள்ள மனுஷன் அவரு. என்ன நம்பினதுதான் அவரு பண்ணின ஒரே தப்பு. நீங்க போலீசுக்குப் போனாலும் இதேதான் சொல்லுவேன். என்ன மன்னிச்சிடுங்கன்னு கேக்கறேன். மன்னிக்கலன்னா அது உங்க நியாயம்."

காக்கிச் சட்டைக்காரர்களில் ஒருவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தையல்காரம்மா எழுந்தார். போதகரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? என் வீட்டுக்காரர் விசுவாசி. விசுவாசியாத்தான் செத்தாரு. கடைசி ரெண்டு நாள் நெனவு வந்து வந்து போச்சு. நெனவு வந்தப்பெல்லாம் பாடினாரு. யாரு கைவிட்டாலும் ஆண்டவர் கைவிடலன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நடுவுல கொஞ்ச நாள் இருட்டு, அவ்வளவுதான்." பிறகு போதகர் பக்கம் திரும்பினார். "உங்கள மன்னிக்க எனக்கு இன்னும் பலம் வரல. கேட்டுக்கிட்டிருக்கேன். வரும். இப்ப உக்காருங்க. பாடணும்."

அவரே ஆரம்பித்தார். டிரைவர் வண்டி ஓட்டும்போது முணுமுணுக்கும் பாட்டு அது. முதல் வரியில் அவர் குரல் ஒன்றுதான் ஒலித்தது. இரண்டாவது வரியில் கஞ்சியக்கா சேர்ந்தாள். மூன்றாவது வரியில் டிப்போக்காரர்கள் சேர்ந்தார்கள், ராகம் தெரியாமல், ஆனால் அடிவயிற்றிலிருந்து. கூரையைப் பார்த்துப் பேசினோம் என்று திரிந்த பாடல் தலைவர் பொறுக்கமாட்டாமல் பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் உயர்த்தித் தாளம் கொடுத்து, பிசகியிருந்த சுருதியை நிமிர்த்தினார். அவ்வளவுதான், அணை உடைந்தது. பதினாலு மாதம் பூட்டிக்கிடந்த தொண்டைகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மகள் பாடவில்லை, ஆனால் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். கடைசிச் சரணத்தில் அந்தக் கை இறுகியது. பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு குரலும் கேட்டது. கஞ்சியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

ஒரே பாட்டை நாலு தடவை பாடினார்கள். யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை.

கட்டடம் மூடப்படவில்லை. குழுக்காரர்களே வந்து கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். நூற்றெண்பதுக்கு அது எங்கேயோ கீழேதான். ஆனால் இந்த அறுபத்திரண்டு பேர் யார் கையையும் பார்க்க வரவில்லை. போதகர், இனி எந்த நாளும் பீடம் ஏறுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கிடங்கு வேலையை விட்டு, ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளும் வேலையில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பெஞ்ச். பிரசங்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு வயதான போதகர் வந்தார். சுமாராகப் பேசுவார். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை.

தையல்காரம்மா சும்மா இருக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே மண்டபத்தில் சர்க்கரைப் பரிசோதனை வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுக்க, விரலில் குத்திப் பார்க்க அவரே கற்றுக்கொண்டார். ஊசி துணியில் ஓடினால் என்ன, விரலில் ஓடினால் என்ன என்பது அவர் கட்சி. முதல் நாளே வரிசை வாசல் வரை நின்றது. பெயர் எழுத மகள் உட்கார்ந்தாள். பாய்லர்காரருக்கு இருநூற்றைத் தாண்டியது. மனிதர் ஆடிப்போனார்.

"உடனே டாக்டரப் பாக்கணும்" என்று சீட்டைக் கையில் திணித்தார் தையல்காரம்மா. "ஜெபமும் பண்ணுவோம், மாத்திரையும் போடுங்க. ரெண்டும் ஆண்டவர் குடுத்ததுதான்."

"ஜெபமா? நான் உங்க கட்சியிலயே இல்லயேம்மா."

"பேரு எழுதியாச்சு, போங்க."

வரிசையின் கடைசியில் பழைய போதகர் நின்றிருந்தார். தன் முறை வந்ததும் தயங்கினார். நர்ஸ் பக்கம் போகலாமா என்று பார்த்தார். தையல்காரம்மா எதிரே இருந்த நாற்காலியைக் காலால் முன்னே தள்ளினார்.

"உக்காருங்க. கைய நீட்டுங்க."

அவர் கையை நீட்டினார். எல்லோரும் ஒரு காலத்தில் பார்த்துக்கொண்டிருந்த கை அது, இப்போது காய்த்துப்போயிருந்தது. தையல்காரம்மா அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, விரலைத் துடைத்து, நேர்த்தியாகக் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் எடுத்துக்கொண்டு, எண் வரக் காத்திருந்தபோது, மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்:

"போன வாரமே மன்னிச்சிட்டேன். தச்சுக்கிட்டு இருந்தப்ப பலம் வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் நேரம் கெடைக்கல."

போதகர் நாற்காலியிலேயே குனிந்து விசும்பி விசும்பி அழுதார். பிடித்த கையைத் தையல்காரம்மா விடவில்லை. கஞ்சியக்கா ஓடிவந்து கணவரின் தோளைப் பற்றிக்கொண்டாள். அவளுக்கும் கண் மறைத்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கத் தெரியாமல் நின்றாள்.

"அப்பாவுக்கு எவ்வளவு?" என்று மேஜையிலிருந்து மகள் பேனாவோடு கேட்டாள்.

தையல்காரம்மா மெஷினைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நல்லா இருக்காரு. எழுதிக்கோ."